கூட்டல்-கழித்தல் குறிக்குப் பின்னால்: அண்டக்கதிர் ஐசோடோப்பு அளவீடுகளும் பொது ஒப்பீட்டுப் பொருள்களும்

கேள்வி

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம், ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டறிந்த காலம்தொட்டே தொல்லியலாளர்களுக்குத் தெரிந்த ஊர். அங்குக் கிடைத்த அச்சூலியன் கற்கருவிகள் எவ்வளவு பழையவை என்பதற்கு 2011இல்தான் உறுதியான விடை வந்தது. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் இருவரும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, மிகப் பழைய அச்சூலியன் அடுக்குகளின் தொகுத்த சராசரிக் காலத்தை 15.1 லட்சம் ஆண்டுகள் என்றது. பிழைவீச்சு கூட்டல்-கழித்தல் 70,000 ஆண்டுகள். கருவிகளாகச் செதுக்கப்பட்ட கற்களிலேயே உள்ள பெரிலியம்-10, அலுமினியம்-26 என்னும் இரண்டு ஐசோடோப்புகளை அளந்து பெற்ற காலம் அது. தென்னிந்தியாவின் மனித வரலாற்றை ஒரே வீச்சில் பின்னுக்குத் தள்ளிய அந்த எண், ஒரு கிராம் கல்லில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையின் மேல் நிற்கிறது.

இக்கட்டுரையின் கேள்வி அந்த எண்ணிக்கையைப் பற்றியது. ஓர் ஆய்வகம் ஒரு கல்லில் இத்தனை லட்சம் அணுக்கள் என்கிறது. வேறொரு நாட்டிலுள்ள ஆய்வகம் வேறொரு கல்லில் இத்தனை லட்சம் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது முந்தியது, அது பிந்தியது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஒரே கல்லை எல்லா ஆய்வகங்களுக்கும் பகிர்ந்து கொடுத்து அளக்கச் செய்வதே இதற்குத் துறையினர் கண்ட வழி. அப்படிப் பகிரப்படும் கல்லைத்தான் ஒப்பீட்டுப் பொருள் என்கிறோம். சரியான விடை முன்கூட்டியே தெரிந்த தேர்வுத்தாளாக அதைப் பார்க்கும் வழக்கம் உண்டு. அந்தப் பார்வை போதாது என்பது என் வாதம். ஒப்பீட்டுப் பொருள் தரும் மிக மதிப்புள்ள செய்தி, ஆய்வகங்களின் விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகிக் கிடக்கின்றன என்பதே. அந்த விலகலைத் துறை தன் பிழைவீச்சுக்குள் சேர்த்துக்கொள்ளும்வரை, ஆய்வகங்களுக்கு இடையிலான கால ஒப்பீடுகள் பலவும் தம் தகுதிக்கு மீறிய உறுதியோடு பேசுகின்றன.

அணுக்களை எண்ணும் வழி

விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரான்கள், நிலத்தின் மேல் திறந்து கிடக்கும் பாறையைத் தாக்குகின்றன. குவார்ட்ஸ் படிகத்திலுள்ள ஆக்சிஜன் அணு சிதைந்து பெரிலியம்-10 பிறக்கிறது. சிலிக்கன் சிதைந்து அலுமினியம்-26 பிறக்கிறது. கடல்மட்டத்தில், உயர் அகலாங்குகளில், ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்குச் சுமார் நான்கு பெரிலியம்-10 அணுக்கள் மட்டுமே உருவாகும். உயரத்துக்கும் அகலாங்குக்கும் ஏற்ப இந்த வீதம் மாறும். அந்த மாற்றத்தைக் கணக்கிடும் முறையை 1991இல் தெளிவாக வகுத்துத் தந்தவர் இந்திய அறிவியலாளர் தேவேந்திர லால். இன்றைய கணக்கீடுகளும் அவருடைய அடித்தளத்தின் மேல்தான் எழுகின்றன. உற்பத்தி வீதம் தெரிந்து, சேர்ந்திருக்கும் அணுக்களின் எண்ணிக்கையும் தெரிந்தால், பாறை எவ்வளவு காலம் வெயிலில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். பாறை ஆழமாகப் புதைந்துவிட்டால் உற்பத்தி நின்றுபோகும். அலுமினியம் பெரிலியத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சிதைவதால், இரண்டின் விகிதம் குறைந்துகொண்டே போகும். அத்திரம்பாக்கத்தில் பயன்பட்டது இந்த இரண்டாவது கடிகாரம்.

எண்ணுவது எளிதல்ல. 20 கிராம் தூய குவார்ட்ஸை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் கரைத்தால், கிராமுக்கு 2 லட்சம் அணுக்கள் இருந்தாலும், மொத்தம் 40 லட்சம் பெரிலியம்-10 அணுக்கள்தான் கிடைக்கும். கண்ணுக்கோ தராசுக்கோ எட்டாத அளவு அது. ஆகவே கால் மில்லிகிராம் அளவு சாதாரண பெரிலியத்தை, கேரியர் எனப்படும் கரைசலாக, எடைபோட்டுச் சேர்க்கிறார்கள். இப்போது சுமார் நான்கு லட்சம் கோடி சாதாரண அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பெரிலியம்-10 இருக்கும். இந்தக் கலவையை வேதியியல் முறையில் பிரித்து, ஆக்சைடாக மாற்றி, முடுக்கி நிறைமானியில் வைத்து விகிதத்தை அளக்கிறார்கள். அந்த இயந்திரம் எதையும் நேரடியாகச் சொல்லாது. விகிதம் தெரிந்ததாகக் கருதப்படும் ஒரு தரப்பொருளைப் பக்கத்தில் வைத்து, அதைவிட இது எத்தனை மடங்கு என்று மட்டுமே சொல்லும்.

பிழை நுழையக்கூடிய வாசல்கள் இந்தப் பாதை நெடுகிலும் உண்டு. மூடி சற்றுத் தளர்ந்த கேரியர் புட்டியை எடுத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும்போது நீர் ஆவியாகிக் கரைசல் 2 சதவீதம் அடர்ந்துவிட்டால், ஆய்வாளர் சேர்த்ததாக நினைக்கும் பெரிலியத்தைவிட உண்மையில் 2 சதவீதம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். இயந்திரம் தரும் விகிதம் அதற்கேற்பத் தாழ்ந்து வர, பழைய அடர்த்தியைக் கொண்டு பெருக்கிப் பெறும் அணு எண்ணிக்கை ஏறத்தாழ 2 சதவீதம் குறைவாக இருக்கும். அந்த ஆய்வகம் அதே கல்லைப் பத்துமுறை அளந்தாலும் பத்துமுறையும் ஒரே குறைவுதான் வரும். விடைகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். அலுமினியத்தில் வேறொரு வாசல். குவார்ட்ஸிலேயே இயல்பாக உள்ள சாதாரண அலுமினியத்தைத் தனியாக அளந்து, அதனால் விகிதத்தைப் பெருக்க வேண்டும். அமிலம் வற்றும்போது உருவாகும் கரையாத ஃப்ளூரைடு வீழ்படிவுக்குள் கொஞ்சம் அலுமினியம் சிக்கிக்கொண்டால், அந்த அளவு குறைவாக வரும். அலுமினியம்-26இன் எண்ணிக்கையும் அதே அளவுக்குக் குறையும். ஓர் ஆய்வகம் தன்னைத்தானே திரும்பத் திரும்ப அளந்து பார்த்தால் தற்செயல் பிழை மட்டுமே வெளிப்படும். எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழை வெளியாரின் அளவீட்டோடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

தரப்பொருளே தவறியபோது

வெளியார் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்தால் என்ன ஆகும்? பெரிலியம்-10இன் வரலாற்றில் இது கற்பனைக் கேள்வியாக இருக்கவில்லை. உலகின் பெரும்பாலான முடுக்கி ஆய்வகங்கள் பல ஆண்டுகள் இரண்டு தரப்பொருள்களில் ஒன்றை நம்பியிருந்தன. ஒன்று, ஐசிஎன் என்ற வணிக நிறுவனத்தின் கரைசலிலிருந்து தயாரானது. கதிரியக்கச் சிதைவை எண்ணி, அரை ஆயுட்காலம் 15 லட்சம் ஆண்டுகள் எனக் கொண்டு அதன் அணு எண்ணிக்கை கணக்கிடப்பட்டிருந்தது. மற்றொன்று, அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் நிறைமானியால் அளந்து சான்றளித்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது காலப்போக்கில் தெளிவாயிற்று. எதை நம்புவது என்பதை இரண்டையும் மாறிமாறி ஒப்பிட்டுத் தீர்க்க முடியாது. இரண்டுக்கும் வெளியே நிற்கும் மூன்றாவது சாட்சி தேவைப்பட்டது.

குனிஹிகோ நிஷியீசுமியும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சாட்சியைக் கொண்டுவந்தது. அவர்கள் பெரிலியம்-10 அயனிகளைச் சிலிக்கன் உணரிகளிலும் பெரிலியத் தகடுகளிலும், எத்தனை என்று எண்ணிக்கை தெரியும்படி பதியவைத்தார்கள். அரை ஆயுட்காலத்தையோ எந்தத் தரப்பொருளையோ சாராமல், இந்த இலக்கில் இத்தனை அணுக்கள் உள்ளன என்று சொல்ல முடிந்தது. பிறகு அந்த இலக்குகளையே முடுக்கி நிறைமானியில் அளந்து, இரு தரப்பொருள்களோடும் ஒப்பிட்டார்கள். ஐசிஎன் தரப்பொருளின் உண்மையான விகிதம், அதன் மேல் எழுதியிருந்ததைவிட 1.106 மடங்கு குறைவு என்று தெரிந்தது. அமெரிக்கத் தரநிலைப் பொருளுக்குக் கிடைத்த விகிதம் ஒரு லட்சம் கோடிக்கு 27.9, பிழைவீச்சு 0.3. சான்றிதழில் இருந்தது 26.8, பிழைவீச்சு 1.4, ஆகவே அது தன் பிழைவீச்சுக்குள் தப்பியது. ஐசிஎன் பொருளின் சிதைவு வேகம் நன்கு அறியப்பட்டதாகையால், அணுக்கள் குறைவென்றால் அரை ஆயுட்காலமும் குறைய வேண்டும், 13.6 லட்சம் ஆண்டுகள் என்ற மதிப்பு அவர்களுக்குக் கிடைத்தது. 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்து 13.88 லட்சம், 13.86 லட்சம் என்ற மதிப்புகளை அடைந்தன. இன்று 13.87 லட்சம் ஆண்டுகள் என்பதே பொதுவாகக் கையாளப்படுகிறது.

ஏறத்தாழ பத்து சதவீத விலகல், நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்கு அடியில் ஓசையின்றி இருந்துவந்தது. பழைய அளவுகோலில் வெளியான எண்ணிக்கையையும் புதிய அளவுகோலில் கணித்த உற்பத்தி வீதத்தையும் அறியாமல் கலந்தால் நேரும் விளைவை இங்கே கணக்கிட்டுப் பார்க்கலாம். 13,000 ஆண்டுப் பழைய பனியாற்றுக் குவியல் ஒன்றின் காலம், கலப்பு எந்தப் பக்கம் நடந்தது என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 11,750 என்றோ 14,380 என்றோ வரும். தென்கோளத்தில் பனியாறுகள் முன்னேறியது 14,700 முதல் 13,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்த அண்டார்க்டிகக் குளிர்மீட்சியிலா, 12,900 முதல் 11,700 வரையிலான வடகோள யங்கர் டிரையஸ் குளிரிலா என்பது நியூசிலாந்து மலைகளை வைத்து நெடுங்காலம் நடந்த விவாதம். இரு கோளங்களின் தட்பவெப்பம் எப்படிக் கைகோக்கிறது என்ற பெரிய கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. மேற்சொன்ன கலப்பு ஒன்றே விடையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தூக்கிப் போடப் போதுமானது.

கல்லையே பகிர்வது

முடுக்கியின் தரப்பொருள் சரியாக்கப்பட்டாலும், முடுக்கிக்கு முன்னால் நடக்கும் வேதியியல் சரியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தரப்பொருள் கரைசலாகவே வருகிறது. அது அமிலத்தையும் வீழ்படிவையும் கேரியர் புட்டியையும் கடந்து வந்ததில்லை. எனவே பாறையையே பகிர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய குரோனஸ்-எர்த் திட்டமும் ஐரோப்பாவின் குரோனஸ்-இயூ திட்டமும் இதை முறையாகச் செய்தன. குரோனஸ்-ஏ என்பது அண்டார்க்டிகாவின் மணற்கல்லிலிருந்து எடுத்த குவார்ட்ஸ். அங்கே அரிப்பு மிகக் குறைவு. கல் நெடுங்காலம் திறந்தே கிடந்ததால் கிராமுக்கு மூன்று கோடிக்கும் மேற்பட்ட பெரிலியம்-10 அணுக்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதே கல்லில் கார்பன்-14, உற்பத்தியும் சிதைவும் சமனாகும் நிலையை எட்டிவிட்டது. குரோனஸ்-என் எதிர்முனை: கிராமுக்குச் சுமார் இரண்டு லட்சம் மட்டுமே. அண்டக்கதிர்களால் பிறக்கும் வேறு ஐசோடோப்புகளுக்கும் பொருள்கள் உண்டு: ஹீலியம்-3க்குப் பைராக்சீன் கனிமமான குரோனஸ்-பி, நியான்-21க்குக் கிரியூ-1 என்னும் குவார்ட்ஸ். பின்னர் 2019இல் கொலோன் பல்கலைக்கழகத்தார், அன்றாட மாதிரிகளுக்கு நெருக்கமாக, கிராமுக்குச் சுமார் 25 லட்சம் பெரிலியம்-10 அணுக்கள் கொண்ட கோகுவார்ட்ஸ்-என் என்ற பொருளைத் தந்தார்கள்.

டிமத்தி ஜல், மரியன் ஸ்காட், பால் பியர்மன் மூவரும் 2015இல் தொகுத்த குரோனஸ்-ஏ, குரோனஸ்-என் முடிவுகளில் இரண்டு போக்குகள் தெளிவு. அணுக்கள் குறைவாக உள்ள பொருளில் ஆய்வகங்களுக்கு இடையிலான சிதறல் கூடுகிறது; பெரிலியத்தைவிட அலுமினியத்தில் சிதறல் அதிகம். மரியன் ஸ்காட் கார்பன்-14 ஆய்வகங்களுக்கு இடையிலான ஒப்பீடுகளைப் பல சுற்றுகள் நடத்திய புள்ளியியலாளர். அந்தத் துறை பல பத்தாண்டுகளில் கற்ற பழக்கம் இங்கே அவர் வழியாக வந்து சேர்ந்தது என்றே கருதுகிறேன். முதல் போக்கில் வியப்பில்லை. அணுக்கள் குறையும்போது எண்ணிக்கைப் பிழையும், குவார்ட்ஸ் சேர்க்காத வெற்று மாதிரியிலும் தென்படும் பின்னணி அணுக்களின் பங்கும் தாமே பெருகும். இரண்டாவது போக்குதான் கவலைக்குரியது. புதைவுக் காலங்கள் பெரும்பாலும் அலுமினியத்தைத் தொகுதியில் வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன.

உள்ளே பொருத்தம், வெளியே விலகல்

நியான்-21க்கான கிரியூ-1 ஒப்பீடுதான் இந்த வாதத்தின் நடுவிடம். சிதறிக் கிடந்த குவார்ட்ஸ் கற்களைச் சேர்த்து, நொறுக்கி, நன்றாகக் கலந்து, சல்லடையால் பிரித்துச் செய்த பொருள் அது. ஐந்து ஆய்வகங்கள், ஆறு நிறைமானிகளைக் கொண்டு, 50 பகுதிகளை அளந்தன. பீட்டர் வெர்மீஷும் கூட்டாளிகளும் 2015இல் அறிவித்த முடிவு இது: ஒவ்வோர் ஆய்வகத்துக்குள்ளும் விடைகளின் சிதறல் அந்த ஆய்வகம் சொன்ன பிழைவீச்சோடு நன்றாகப் பொருந்தியது. ஆய்வகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது சிதறல் அந்தப் பிழைவீச்சுகளை மீறிவிட்டது. பரிந்துரைத்த சராசரி கிராமுக்கு 34.8 கோடி அணுக்கள், பிழைவீச்சு ஒரு கோடி. அதற்கு மேலாக 7.1 சதவீத மிகைச்சிதறல், இரு திட்டவிலக்க அளவில். அண்டக்கதிர் நியான்-21 அளவீட்டின் இன்றைய நம்பகத்தன்மைக்கு அந்த 7.1 சதவீதமே அடையாளமாகலாம் என்று அவர்கள் எழுதினார்கள். தம் துறையின் நிலையைத் தாமே இப்படி வெளிப்படையாகச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஹீலியம்-3இன் கதை இன்னும் கூர்மையானது. பொட்ஸ்டாம், பாசடீனா, நான்சி, கிளாஸ்கோ, பெர்க்லி, நியூயார்க் ஆகிய இடங்களின் ஆறு ஆய்வகங்கள் குரோனஸ்-பியை அளந்தன. பியர்-ஆன்றி பிளார்டின் தலைமையில் தொகுத்த 66 அளவீடுகளின் எடையிட்ட சராசரி கிராமுக்கு 502 கோடி அணுக்கள், பிழைவீச்சு 12 கோடி, மிகைச்சிதறல் 5.6 சதவீதம். சிதறல் எல்லாப் பக்கமும் பரவலாக இல்லை. நான்கு ஆய்வகங்கள் ஓரிடத்தில் திரண்டிருக்க, இரண்டு ஆய்வகங்கள் அவற்றைவிடச் சுமார் 6 சதவீதம் உயர்ந்து நின்றன. காரணத்தைக் கட்டுரையாசிரியர்களால் உறுதியாகச் சுட்ட முடியவில்லை. இங்கே நான்கு சரி, இரண்டு தவறு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அணுக்களின் எண்ணிக்கையை வாக்கெடுப்பில் முடிவு செய்ய இயலாது. சராசரி மதிப்போ இரு திரட்சிகளின் கலவை. அந்த எண்ணையே ஏதேனும் ஓர் ஆய்வகம் அளந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இவ்விரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால், ஒப்பீட்டுப் பொருளின் மைய மதிப்பைவிட அதன் மிகைச்சிதறலே நம்பத்தக்க செய்தி என்பது புலனாகும். இதை நடைமுறையில் கையாள்வதும் கடினமன்று. நியான்-21 முடிவொன்றுக்கு ஓர் ஆய்வகம், அதே இரு திட்டவிலக்க அளவில், 3 சதவீதப் பிழைவீச்சைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஆய்வகத்தின் வேறொரு முடிவோடு ஒப்பிட அந்த 3 போதும். வேறோர் ஆய்வகத்தின் முடிவோடு ஒப்பிடுவதென்றால், 3ஐயும் 7.1ஐயும் இருபடியாகக் கூட்டி வர்க்கமூலம் எடுத்த 7.7 சதவீதமே பொருத்தமான வீச்சு. ஒரே அளவீட்டுக்கு இரண்டு பிழைவீச்சுகள், இரண்டு பயன்களுக்கு. உற்பத்தி வீதத்தின் பிழையைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு எண்கள் தருவதற்கு இத்துறை ஏற்கெனவே பழகியிருக்கிறது. அதே ஒழுங்கை ஆய்வக விலகலுக்கும் நீட்டுவதில் கோட்பாட்டுத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் ஆய்வக விலகலைத் தனியே காட்டும் கட்டுரைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மறுப்புகள்

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, முழுத் துல்லியம் தேவையே இல்லை என்பது. ஊர் முழுவதும் ஒரே படியால் நெல்லை அளந்தால், படி சற்றுப் பெரியதாக இருந்தாலும் கொடுக்கல் வாங்கலில் யாருக்கும் நட்டமில்லை. அதுபோல, உற்பத்தி வீதமும் மாதிரியும் ஒரே அளவுகோலில் அளக்கப்பட்டால் பிழை வகுத்தலில் கரைந்துவிடும். பாறை வெயிலில் கிடந்த காலத்தைக் காணும் கணக்கில் இந்த வாதத்தின் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2007இன் திருத்தம் உற்பத்தி வீதத்தையும் கூடவே 10 சதவீதம் தாழ்த்தியதால், முறையாகத் திருத்திய காலங்கள் பெரும்பாலும் மாறவில்லை. மறுபாதி நிற்காது. உற்பத்தி வீதத்தை நிறுவிய இடங்களின் மாதிரிகளும் நாம் காலம் காண விரும்பும் மாதிரியும் ஒரே வேதியியல் அறையைக் கடந்தவை அல்ல; ஒரு புட்டியின் ஆவியாதல் வேறோர் ஊரின் கணக்கில் கரையாது. புதைவுக் காலத்தில் நிலைமை இன்னும் கடினம். அலுமினியத்துக்கும் பெரிலியத்துக்குமான தொடக்க விகிதம் பழைய அளவுகோலில் 6.1, புதியதில் 6.75. இதை அளவுகோலோடு மாற்றிவிடலாம். அரை ஆயுட்காலத்தை அப்படி மாற்ற முடியாது, அது இயற்கையின் மாறிலி. பெரிலியத்துக்கு 15 லட்சம், 13.87 லட்சம் என்ற இரு மதிப்புகளையும் எளிய புதைவுக் கணக்கில் இட்டுப் பார்த்தால், புதிய மதிப்பில் 15 லட்சம் ஆண்டுகளாக வரும் காலம் பழைய மதிப்பில் ஏறத்தாழ 13.9 லட்சமாகச் சுருங்கும்.

அத்திரம்பாக்கத்துக்கு இதனால் ஆபத்தா என்று கேட்பது இயல்பு. அதே எளிய கணக்கில், விகிதத்தில் 5 சதவீதப் பிழை காலத்தை ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள் நகர்த்தும். 15.1 லட்சம் என்பது 14 லட்சத்தை ஒட்டியோ 16 லட்சத்தை ஒட்டியோ போகலாம். அக்கட்டுரையின் அடிப்படை முடிவு, கருவிகள் 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு இளையவை அல்ல என்பது. அதற்கு மண்ணடுக்குகளின் காந்தத் திசை என்ற தனிச் சான்றும் துணை நிற்கிறது. எனவே அந்த முடிவு அசையாது. ஆனால், கென்யாவின் மேற்குத் துர்கானாவில் 17.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காணப்படும் அச்சூலியன் மரபு தென்னிந்தியாவை எட்ட எத்தனை காலம் பிடித்தது என்று கேட்கும் கணமே, ஒரு லட்சம் ஆண்டு என்பது இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்காகிவிடுகிறது. ஓர் எண் ஒரு கேள்விக்குப் போதுமானதாகவும் இன்னொன்றுக்குப் போதாததாகவும் இருக்கும். எதற்குப் போதும் என்பதைச் சொல்லத்தான் ஆய்வக விலகலையும் சேர்த்த வெளிப் பிழைவீச்சு வேண்டும்.

சிதறலுக்குக் காரணம் கல்லே, ஆய்வகம் அல்ல என்பது இரண்டாவது மறுப்பு. இயற்கைக் கல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காதே என்பார்கள். இதற்கான விடை தரவிலேயே இருக்கிறது. கல்லின் மணிகளுக்குள் வேறுபாடு இருந்தால் அது ஒவ்வோர் ஆய்வகத்தின் உள்ளேயும் சிதறலாக வெளிப்பட்டிருக்க வேண்டும். கிரியூ-1இலும் குரோனஸ்-பியின் ஹீலியம்-3இலும் உள்சிதறல் அளவீட்டுப் பிழையைத் தாண்டவில்லை.

மூன்றாவது மறுப்பை நான் பெருமளவு ஏற்கிறேன். வெளியான மதிப்பு எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விடையை நோக்கி, அறியாமலே, அளவீடு சாயக்கூடும். பொருந்தாத விடை வந்தால் ஏதோ கோளாறு என்று மறுபடி அளப்பார்கள், பொருந்திய விடையை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். மேலும், இப்பொருள்கள் பெரும்பாலும் தூய்மையாக்கிய கனிமமாகவே அனுப்பப்படுகின்றன. ஆற்று மணலிலிருந்து குவார்ட்ஸைப் பிரித்து, மழைநீர் வழியாக மணியின் மேல் படிந்த பெரிலியம்-10ஐ நீர்த்த அமிலத்தால் அரித்தெடுக்கும் படியை இவை சோதிப்பதே இல்லை. 1992இல் கோலும் நிஷியீசுமியும் விவரித்த அந்த அரிப்பு முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் சிறுசிறு மாற்றங்களோடுதான் நடக்கிறது. போதிய அளவு அரிக்காவிட்டால் எண்ணிக்கை பொய்யாகக் கூடும். ஆகவே தூய்மைப்படுத்தாத மணலை, மதிப்பை மறைத்து, சுற்றுக்கு விட வேண்டும். இன்றைய ஒப்பீடுகள் காட்டும் சிதறல் அரைப் பாதையின் சிதறல் மட்டுமே. முழுப் பாதையில் அது இதைவிடக் குறைய வழியில்லை என்றே எண்ணுகிறேன்.

செலவைச் சொல்வோரும் உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் ஓரிடத்தை ஒப்பீட்டுப் பொருளுக்குக் கொடுத்தால் ஆய்வாளரின் மாதிரி ஒன்று வெளியே நிற்கும். முடுக்கி நேரத்துக்குக் கட்டணமும் உண்டு. புதிய ஆய்வகங்களுக்கு இது கூடுதல் சுமை. ஆனால் இதனால் அதிகம் பயனடைபவையும் அவையே. புது தில்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் கார்பன்-14ஓடு பெரிலியம்-10, அலுமினியம்-26 அளவீடுகளையும் செய்யும் வசதியைப் பெற்றிருக்கிறது. நம் ஆறுகளின் அரிப்பும் நம் கருவிக்கற்களின் காலமும் உள்நாட்டிலேயே அளக்கப்படும்போது, அந்த எண்களை உலகம் ஏற்க, பெயர்பெற்ற ஆய்வகத்தின் முத்திரையைவிட ஒப்பீட்டுப் பொருளின் முடிவு நேர்மையான சான்று.

அட்டவணையில் ஒரு வரி

குரோனஸ்-பி கட்டுரை முன்வைத்த பரிந்துரை எளியது: ஹீலியம்-3 முடிவுகளை வெளியிடும் ஒவ்வொரு கட்டுரையும், அதே ஆய்வகம் குரோனஸ்-பியில் பெற்ற மதிப்பையும் கூடவே தரட்டும். இதை எல்லா ஐசோடோப்புகளுக்கும் விரிக்க வேண்டும். தரவு அட்டவணையில் ஒரு வரி போதும். பின்னொரு நாள் ஒப்பீட்டுப் பொருளின் மதிப்பு திருத்தப்பட்டாலும், 6 சதவீத விலகலுக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டாலும், பழைய முடிவுகளை அந்த வரியைப் பிடித்துக்கொண்டு திருத்திவிடலாம். 2007இல் தரப்பொருள் மாறியபோது, எந்தத் தரப்பொருளைப் பயன்படுத்தினோம் என்று எழுதியிருந்தவர்களின் முடிவுகள் ஒரு பெருக்கலில் பிழைத்துக்கொண்டன. எழுதாதவர்களின் முடிவுகளை மீட்க, மற்றவர்கள் ஊகம் செய்ய வேண்டியிருந்தது.

இதில் கவனிக்காமல் விட்டால் பெரும் இழப்பாகக்கூடியது கையிருப்பு. கல் தீர்ந்துபோகும், ஒவ்வோர் அளவீடும் அதில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறது. அடுத்த பொருள் வரும்போது பழையதற்கும் புதியதற்கும் இடையிலான விகிதம், இரண்டும் கையில் இருக்கும்போதே, பல ஆய்வகங்களில் அருகருகே அளந்து நிறுவப்பட வேண்டும். நியான்-21இல் குரோனஸ்-ஏவுக்குச் சொல்லப்படும் 32 கோடி என்ற மதிப்பு, ஐந்து ஆய்வகங்களில் இரண்டு மட்டும் அதைக் கிரியூ-1ஓடு பிணைத்துப் பெற்றது. இப்போதைக்கு அது போதுமானதாக இருக்கலாம். கிரியூ-1 தீர்ந்து குரோனஸ்-ஏ மட்டும் மிஞ்சினால், துறை முழுவதன் நியான் அளவீடும் அந்த இரண்டு ஆய்வகங்களின் வழியாக மட்டுமே கடந்தகாலத்தோடு தொடர்புகொள்ளும். மற்ற மூன்று ஆய்வகங்களும் அந்த ஒப்பீட்டைச் செய்ய இரண்டு பொருள்களும் இருப்பில் உள்ள காலம்வரைதான் வாய்ப்பு.